திறப்பு எங்கே, ரீச்சர்?

கணினிக் கேள்வி – பதில்

கேள்வி: ஐயாவின் காணி உறுதிகள் பற்றிய விபரம், வம்சாவளி, அம்மாவின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு எழுதியவை எல்லாம் வேர்ட்டில் 43 கோப்புகளாக என்னிடம் இருக்கின்றன. கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் 7-ஜிப் மென்பொருளில் ஒரே கட்டாகக் கட்டி, கடவுச்சொல் போட்டு, ரொறொன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்பினேன். 38 எம்பி இருந்தது 36க்குத்தான் இறங்கியது. சரி, அதுதான் போகட்டும் என்றால், கடவுச்சொல் ‘அம்மா’ என்று சொல்லியும் அவளால் திறக்க முடியவில்லை. நான் 20 வருடமாகப் பாமினியில்தான் அடிக்கிறேன், பிழை விடுகிற ஆளில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

பதில்: கடைசி வசனத்தை ரோசத்தில் எழுதியிருக்கிறீர்கள், ரீச்சர். ஆனால் விடை அதற்குள்தான் கிடக்கிறது.

பாமினி ஓர் எழுத்துரு, அவ்வளவுதான். திரையில் ‘அ’ என்று தெரிந்தாலும் கணினிக்குள் போய் விழுவது ஆங்கில எம். கடவுச்சொல் பெட்டிக்குப் பாமினியைத் தெரியாது; அங்கே வெறும் நட்சத்திரங்கள்தான் தெரியும் என்பதால் உங்களுக்கும் தெரியவராது. பழகிய விரல்கள் ‘அம்மா’ என்று அடித்திருக்கும். உள்ளே போனதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தங்கச்சியை இந்த ஐந்தையும் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். திறபட்டால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். கோப்புகளை வாசிக்க அவளுடைய கணினியிலும் பாமினி இருக்கவேண்டும், அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

அளவு ஏன் குறையவில்லை? வேர்ட் 2007இலிருந்து வரும் டொக்எக்ஸ் கோப்பே ஒரு ஜிப் கட்டுத்தான். நம்பாவிட்டால் ஒன்றைப் பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் இருப்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ‘வேர்ட்’ என்றொரு கோப்புறை, அதற்குள் நீங்கள் அடித்த எழுத்து ஒரு கோப்பாகவும், படங்கள் ‘மீடியா’ என்ற தனிக் கோப்புறையிலும் இருக்கும். பால் பிழிந்த தேங்காய்ப்பூவைத் திரும்பப் பிழிந்தால் எவ்வளவு வரும்? 2007க்கு முந்திய பழைய டொக் கோப்புகள் என்றால் நன்றாகவே சுருங்கும். உங்கள் 38 எம்பியில் பெரும்பங்கு அம்மாவின் படங்களாக இருக்கும். வேர்ட்டிலேயே படத்தைச் சொடுக்கி, ‘கொம்பிரஸ் பிக்சர்ஸ்’ போய் 150 பிபிஐ என்ற படத் தெளிவைத் தெரிவு செய்தால் குறையும். ஜிமெயிலின் 25 எம்பி எல்லைக்குள்ளும் வரப் பார்க்கும். உறுதிகளின் படங்களுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். நொத்தாரிசின் கையெழுத்து மங்கிவிட்டால் பிறகு அந்தப் படத்தால் என்ன பயன்?

அடுத்தது பூட்டு. 7-ஜிப்பில் 7இசட் என்ற கட்டு வகையைத் தெரிவு செய்தால் பூட்டு ஏஇஎஸ்-256 என்ற பலமான மறையாக்க முறை, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோப்புப் பெயர்களையும் மறை என்று ஒரு சிறிய பெட்டி கீழே இருக்கிறது, அதற்குச் சரி அடையாளம் போட மறக்கவேண்டாம். போடாவிட்டால் கடவுச்சொல் தெரியாதவர்கூடக் கட்டைத் திறந்து ‘கிணற்றடிக் காணி – வழக்கு’ என்ற பெயரை வாசிப்பார். பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும். ஜிப் வகையில் இந்த வசதியே இல்லை. அதோடு, 7-ஜிப் ஜிப்புக்குத் தானாகப் போடுவது ஜிப்கிரிப்டோ என்ற பழைய பூட்டு. அதை உடைக்கும் வழி 1994இலேயே வெளிவந்துவிட்டது. ஜிப்தான் வேண்டும் என்றால் ஏஇஎஸ்ஸை நீங்களே மாற்றிப் போடவேண்டும்.

ஐந்து எழுத்து ‘அம்மா’வையும் மாற்றிவிடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் போடாதீர்கள். இலங்கையின் பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் (பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும்). உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் சாப்பிட்டவருக்கு மிச்சம் நான்கு இலக்கந்தான். சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களை அடுக்குங்கள். அதைத் தங்கச்சிக்குத் தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள். கட்டும் திறப்பும் ஒரே வாட்ஸ்அப்பில் போனால், வீட்டைப் பூட்டித் திறப்பைக் கதவிலேயே விட்ட மாதிரி.

எழுதியும் வையுங்கள், ஆனால் என்னைப்போல வேண்டாம். என் பழைய கட்டுரைகளின் கடவுச்சொல்லைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதினேன். சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்தது, பழையதை மனிசி பேப்பர்க்காரனுக்கு நிறுத்துப் போட்டுவிட்டா. அந்தக் கட்டு இன்னும் என் கணினியில் கிடக்கிறது. ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்த அங்கே பொத்தான் ஒன்றும் இல்லை.

கேள்வி: வேர்ட்டிலேயே கடவுச்சொல் போடலாமே, ஏன் இந்த அலைச்சல்?
– மாணவன், பருத்தித்துறை

பதில்: ஒரு கோப்பு என்றால் அதுவே போதும், தம்பி. ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்’தான் பூட்டு. பக்கத்தில் இருக்கும் ‘றெஸ்றிக்ட் எடிற்றிங்’ திருத்த மட்டும் விடாது, வாசிப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார். பழைய டொக் வகையில் போட்ட கடவுச்சொல்லை நம்பவேண்டாம்.

கேள்வி: பூட்டிய கட்டைப் பென்டிரைவில் கொண்டுபோய் கொமினிகேசன் கடையில் பிரிண்ட் எடுக்கிறேன். பயமில்லைதானே?
– வாசகர், சுன்னாகம்

பதில்: அண்ணை, கடவுச்சொல்லைக் கடைக் கணினியில் அடித்த நேரமே பூட்டு முடிந்தது. கட்டுக்குள் இருந்தே கோப்பைத் திறந்தாலும் அதன் பூட்டில்லாத பிரதி ஒன்று அந்தக் கணினியின் ‘ரெம்ப்’ என்ற தற்காலிகக் கோப்புறையில் போய் இருக்கும். 7-ஜிப்பை மூடும்போது அது அழியவேண்டும். ஆனால் வேர்ட்டைத் திறந்தபடி விட்டு எழும்பினால் அங்கேயே தங்கிவிடவும் கூடும். வேண்டிய பக்கங்களை மட்டும் வீட்டில் பிடிஎஃப் ஆக்கி, வேறொரு பென்டிரைவில் கொண்டுபோங்கள். பொடியன் அதைத் தன் டெஸ்க்டொப்பில் இழுத்துப் போட்டுத்தான் பிரிண்ட் கொடுப்பான். ஷிஃப்ட்டை அமத்திக்கொண்டு டிலீட் அடிக்கும்வரை காசைக் கொடுக்காமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.