காலணியில் எழுதினால் குற்றமா?

கேள்வி: காசா மக்களுக்காகக் காலணியில் எழுதிய ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் உஸ்மான் கவாஜாவை சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) ஏன் தடுத்தது? வீரருக்குக் கருத்துரிமை கிடையாதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்டு, ஆனால் உடையிலும் உபகரணத்திலும் எழுத விதி குறுக்கே நிற்கிறது. 2023 டிசம்பரில், பாகிஸ்தானுக்கு எதிரான பெர்த் டெஸ்டுக்கு முந்தைய பயிற்சியில், கவாஜாவின் காலணியில் கையெழுத்தாக இரண்டே வரிகள்: ‘எல்லா உயிர்களும் சமம்’, ‘சுதந்திரம் மனித உரிமை’. ஆட்டத்தன்று அவற்றின்மேல் டேப் ஒட்டி, கையில் கறுப்புப் பட்டையோடு இறங்கினார். அனுமதியில்லாத அந்தப் பட்டைக்குத்தான் கண்டனம் வந்தது.

விதி இதுதான்: தனிப்பட்ட செய்தி எதற்கும் சொந்த நாட்டு வாரியம், ஐசிசி இரண்டின் முன் அனுமதியும் வேண்டும். அரசியல், மதம், இனம் சார்ந்ததென்றால் அனுமதியே இல்லை. முதல் தவறுக்குக் கண்டனம். 12 மாதத்துக்குள் மறுபடி செய்தால் ஆட்டச் சம்பளத்தில் 25 சதவீதம் போகும்.

சிக்கல், ‘அரசியல்’ எது என்பதை யார் தீர்மானிப்பது என்பதில்தான். மெல்போர்ன் டெஸ்டுக்கு அவர் கேட்ட அமைதிப் புறாச் சின்னமும் மறுக்கப்பட்டது. ஆனால் அவரது அணி வீரர் மார்னஸ் லபுஷேன் மட்டையில் பைபிள் வசனத்தைக் குறிக்கும் கழுகு இருந்தது, தென்னாப்பிரிக்க வீரர் கேசவ் மகாராஜ் மட்டையில் ‘ஓம்’ இருந்தது. இது பாரபட்சம்தான். கவாஜா கடைசியில் காலணியில் தன் மகள்களின் பெயர்களை எழுதிக்கொண்டு ஆடினார்.