மொட்டை மாடியிலிருந்து மூலக்கூறு மேகம் பிடிபடுமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். விண்மீன்களுக்கு இடையே உள்ள மூலக்கூறு மேகங்களை ரேடியோ உட்கவர் நிறமாலை (பின்னால் உள்ள மூலத்தின் ரேடியோ அலையை மேகம் விழுங்குவதால் விழும் தடம்) வழியாக ஆராய்வதை புராஜெக்டாக எடுக்க ஆசை. மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்துச் செய்யலாமா? ஊட்டி ரேடியோ தொலைநோக்கியில் நேரம் கேட்கலாமா?

பதில்: இந்த வேலைக்கு இரண்டுமே சரிவராது. ஆனால் புராஜெக்டை விட்டுவிடாதீர்கள்.

மேகத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜன் மூலக்கூறுதான். அதற்கு இருமுனைத் திருப்புத்திறன் (மின்னூட்டம் இரு முனைகளாகப் பிரிந்திருப்பது) இல்லாததால் ரேடியோவில் சிக்காது. அதனால் ஹைட்ராக்சிலைப் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த OH) பிடிக்கிறோம். 1963இல் காசியோப்பியா ஏ என்ற பிரகாசமான ரேடியோ மூலத்துக்கு முன்னால் முதலில் அகப்பட்டதும் ஹைட்ராக்சிலின் உட்கவர் கோடுகள்தான். அவை 1665, 1667 மெகாஹெர்ட்ஸில் வரும். ஊட்டி தொலைநோக்கி இயங்குவதோ 326.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம்.

மாடிக்கு வருவோம். கோவை கணபதி பக்கப் பட்டறைகளில் தகரத்தில் கொம்பு ஆன்டெனா செய்து வாங்கினால், 1420 மெகாஹெர்ட்ஸில் ஹைட்ரஜன் அணுவின் உமிழ்வு அருமையாகத் தெரியும். அதையும் ஒருமுறை செய்து பாருங்கள், கை பழகும். உட்கவர் மட்டும் தெரியாது. ரேடியோவில் அலையின் வலிமையைக் கெல்வினில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் ஆன்டெனாவில் காசியோப்பியா ஏ ஒரு கெல்வின்கூட ஏற்றாது. சுற்றியுள்ள ஹைட்ரஜன் உமிழ்வு பல பத்து கெல்வின் இருக்கும், உட்கவர் அதில் மூழ்கிவிடும்.

எனவே தரவை இறக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வி.எல்.ஏ. தொலைநோக்கியில் எடுத்த 'தோர்' ஆய்வுத் தரவு இலவசம். அதில் 1665, 1667 இரண்டும் கிடைக்கிற பகுதியில், பின்னணி நூறு கெல்வினுக்கு மேல் உள்ள ஒரு மூலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கோட்டுக்கு வெளியே செறிவு 100 என்று வையுங்கள். 1667இல் அது 82 ஆக இறங்கினால், 0.82இன் இயல் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றுங்கள்: ஒளியியல் ஆழம் (மேகம் எவ்வளவு விழுங்குகிறது என்ற அளவு) 0.2. மேகம் மெல்லியதாகவும் வெப்பச் சமநிலையிலும் இருந்தால் 1667, 1665 இரண்டின் ஒளியியல் ஆழ விகிதம் 9:5. அப்படியானால் 1665இல் ஏறக்குறைய 90 வரைக்கும்தான் இறங்க வேண்டும். அதைவிட ஆழமாக இறங்கினால் சமநிலை குலைந்திருக்கிறது, அல்லது மேகம் அடர்த்தியானது. கோடு மேல்நோக்கிக் கூர்மையாக எழும்பினால் அது மேசர், அதாவது மேகமே அலையைப் பெருக்குகிறது. அந்த மூலத்தை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பாருங்கள்.

அப்புறம், மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்குக் கிளர்வு வெப்பநிலை (மூலக்கூறுகள் ஆற்றல் மட்டங்களில் எப்படிப் பரவியுள்ளன என்பதைக் காட்டுவது) வேண்டும். உட்கவர் கோடு மட்டும் அதைச் சொல்லாது. பலரும் இங்கேதான் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். 5 கெல்வினுக்கும் 10 கெல்வினுக்கும் விடை இரு மடங்கு மாறும். அறிக்கையில் இரண்டையும் காட்டுங்கள்.