கேட்ஸ்பியின் சட்டைகளைப் பார்த்து டெய்சி ஏன் அழுகிறாள்?
1925-ல் வெளிவந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில், புதுப் பணக்காரன் கேட்ஸ்பி, இன்னொருவன் மனைவியாகிவிட்ட தன் பழைய காதலி டெய்சிக்காக ஏங்குகிறான். இதைப் பேசும்போது பலரும் பச்சை விளக்கையே பிடித்துக்கொள்கிறார்கள். சரி, எதிர்க்கரையில் டெய்சி வீட்டுப் படகுத்துறையில் எரியும் அந்த விளக்கு கேட்ஸ்பியின் ஏக்கம்தான். ஆனால் அவளே பக்கத்தில் வந்து நின்றதும் அது வெறும் விளக்காகிவிடுகிறது, அதைக் கவனியுங்கள்.

நீங்கள் கேட்ட சட்டைக் காட்சி இன்னும் நுட்பமானது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்த சட்டைகளை அவன் ஒவ்வொன்றாக எடுத்து வீச, அவள் அந்தக் குவியலில் முகம் புதைத்து, இவ்வளவு அழகான சட்டைகளைப் பார்த்ததே இல்லை என்று தேம்புகிறாள். அழுகை துணிக்காகவா, கேட்ஸ்பிக்காகக் காத்திருக்காமல் பணக்கார டாமைக் கட்டிக்கொண்டதற்காகவா? இரண்டும்தான் என்பேன், காதலையும் காசையும் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியாது.

அப்புறம் கேட்ஸ்பியின் நூலகம், அதுவும் சட்டைகளைப் போல ஒரு பகட்டுதான். புத்தகங்கள் அசல்தான், ஆனால் அந்தக் காலத்தில் வெட்டிப் பிரித்துப் படிக்க வேண்டியிருந்த பக்கங்களின் மடிப்பு வெட்டப்படவே இல்லை, அதாவது யாரும் படித்ததில்லை.