வாசகர் கேள்வி – பதில்: வந்த ஊரில் எங்கே நடப்பது?

கேள்வி: சொந்த ஊர் திருச்சி. கணவரின் வேலைக்காக எட்டு மாதம் கண்டியில் இருக்கப் போகிறோம், வந்து ஆறு வாரம் ஆகிறது. எனக்கு 41 வயது, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஊரில் மாலையில் மைதானத்தைச் சுற்றுவேன். இங்கே வீட்டை விட்டு இறங்கினால் ஒரே மேடு பள்ளம், நடைபாதை இல்லாத வளைவு ரோடு, மதியத்துக்கு மேல் மழை, சிங்களமும் தெரியாது. ஜிம்மில் சேர்வதா, வீட்டிலேயே ஏதாவது செய்வதா?
– வாசகி, கண்டி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் பாதிச் சிக்கல் "மாலையில்" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. திருச்சி வெயிலுக்கு மாலை நடை சரி. மலையகத்தில் நடைக்குக் காலைதான். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் பளிச்சென்று இருக்கும், மதியம் தாண்டியதும் இருட்டிக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். அதனால் முதலில் அலாரத்தை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மைதானம் தேட வேண்டாம், கண்டி வாவியே போதும். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டியது, சுற்றி வந்தால் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மேடே இல்லாத பாதை. சாதாரண வேகத்தில் நாற்பது நிமிடம் ஆகும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதே, வாரத்தில் ஐந்து நாள் ஒரு சுற்று வந்தாலே 200 நிமிடம் ஆகிவிடும். விடிந்ததும் தொடங்கி, பள்ளிக்கூட வேன்கள் வரிசை கட்டும் முன்னர் முடித்துவிடுங்கள், பிறகு வாகனப் புகையில் மூச்சு விட முடியாது. முகில் வடிவத்தில் வெட்டிய மதில் ஓரமாக நடக்கும்போது மரத்தடியில் தரை வெள்ளையாக இருக்கும் இடங்களைப் பார்த்து ஒதுங்குங்கள், மேலே நீர்க்காகங்கள் கூட்டமாக அடைந்திருக்கும், தலையில் விழுந்தால் திரும்பி வீட்டுக்குத்தான் போக வேண்டும். கரையில் பெரிய நீர் உடும்பு படுத்திருந்தால் பயப்பட வேண்டாம், விலகி நின்றால் தன்பாட்டில் தண்ணீருக்குள் இறங்கிவிடும். எசல பெரஹரா என்ற யானை ஊர்வலத் திருவிழா நடக்கும் நாட்களில் மட்டும் அந்தப் பக்கமே போக முடியாது, ரோடு முழுக்கச் சனம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. தினமும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில் போங்கள். தனியாக நடக்கும் பெண் பாதையை மாற்றி மாற்றிப் போக வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு, பெரிய நகரத்தில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நம் மலை ஊர்களில் முகம் தெரிந்த ஆளுக்குத்தான் பாதுகாப்பு. இரண்டு வாரம் தொடர்ந்து போனால் பத்திரிகை அடுக்கும் கடைக்காரர், ஓட்டோ நிறுத்தத்துப் பையன்கள், பூ விற்கும் அம்மா எல்லோருக்கும் உங்களைத் தெரிந்துவிடும். ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் ஏன் என்று கேட்பார்கள். சிங்களத்தில் "கொஹொமத" என்று நலம் விசாரித்துச் சிரித்தால் போதும், பாதிப் பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள். தமிழ் முகங்கள் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போய் வாருங்கள், நடைக்குத் துணை அங்கேயே கிடைக்கும்.

வீட்டு வாசல் மேட்டைப் பற்றிப் பயப்படுகிறீர்கள், உண்மையில் அது உங்களுக்கு வாய்த்த வசதி. சமதரையில் நீண்ட நேரம் செய்யும் வேலையை ஏற்றம் குறைந்த நேரத்தில் செய்துவிடும். ஏறும்போது மூச்சு வாங்கினாலும் ஒரு வசனம் முழுதாகப் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் நின்றுவிடுங்கள். முழங்கால் வலி வருவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். கொழுந்துக் கூடையோடு மலையிறங்கும் நம் பெண்களின் காலைக் கவனித்துப் பாருங்கள். எட்டு வைப்பது சின்னதாக இருக்கும், முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்திருக்கும், செங்குத்தான இடத்தில் நேராக இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி வளைந்து வளைந்து வருவார்கள். முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தும் இதை மறந்து, தேய்ந்த சப்பாத்தோடு மழை விட்ட கையோடு ஹந்தானை மலையிலிருந்து வேகமாக இறங்கினேன். கானுக்கு, அதாவது தண்ணீர் ஓடும் வடிகாலுக்கு, பக்கத்தில் பாசி. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் சப்பாத்து வாங்குங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

விடுமுறை நாளில் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம், 147 ஏக்கர், மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓடும். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அதிகம், அதனால் தினசரி நடைக்கு ஒத்துவராது. தலதா மாளிகை என்ற புத்தர் கோயிலுக்குப் பின்னாலுள்ள உடவத்தகெலே காடு குளிர்ச்சியான இடம், ஆனால் தனியாக வேண்டாம். மழைக்குப் பிறகு அங்கே அட்டை ஏறும். பிய்த்து இழுக்காமல் கடித்த வாய்ப் பக்கம் நகத்தை வைத்து நகர்த்தினால் விட்டுவிடும், சவர்க்காரம் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள், இரத்தம் நிற்க நேரமாகும். தெருநாய் கடித்தால் அலட்சியமே கூடாது. பதினைந்து நிமிடம் சவர்க்காரத்தால் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 1990 என்ற சுவசெரிய இலவச அம்புலன்ஸ் எண்ணைப் போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

ஜிம் தப்பில்லை, ஆனால் வருடக் கட்டணம் கட்டாதீர்கள், மாதா மாதம் கட்டுங்கள். மழை விடாத நாளில் சாப்பிட்ட பிறகு வீட்டுக்குள்ளேயே பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலும் சாப்பாட்டால் ஏறும் சர்க்கரை குறையும், இதை உங்கள் டொக்டரும் சொல்வார். மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில் மட்டும் மலைப்பக்கம் காலே வைக்க வேண்டாம்.

கேள்வி: கோயம்புத்தூர்க்காரன், 26 வயது, நுவரெலியாவில் ஹோட்டல் சமையலறையில் நான்கு மாத வேலை. இரவு பதினொரு மணிக்குத்தான் அறைக்கு வருகிறேன். காலையில் ஓடலாம் என்றால் இரண்டு நிமிடத்திலேயே மூச்சு முட்டுகிறது, குளிர் வேறு. உடம்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், நுவரெலியா

பதில்: தம்பி, நீங்கள் இருப்பது 1,868 மீற்றர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிதாகும், அதோடு ஏற்றமும் குளிரும் சேர்ந்தால் புதிதாக வந்த யாருக்கும் மூச்சு வாங்கும். முதல் இரண்டு வாரம் ஓட வேண்டாம், வேகமாக நடங்கள், பிறகு ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடங்கள். அதற்குப் பிறகும் மூச்சு முட்டினால், அல்லது நெஞ்சு இறுகுவது போல இருந்தால், டொக்டரிடம் காட்டிவிடுங்கள். காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, அறைக்குள்ளேயே ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு வெளியே வாருங்கள். கிரகரி வாவிப் பக்கம் சமதரை, அங்கே தொடங்குவது நல்லது. ஏப்ரல் வசந்த காலத்தில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

இருட்டோடு தேயிலை மலைக்குள் ஓடப் போகாதீர்கள். சிறுத்தை நடமாட்டம் உண்மை. குளவிக்கூடு அதைவிட ஆபத்து, கொழுந்து பறிக்கப் போய்க் குளவி கொட்டி உயிர் போன நம் ஆட்கள் எத்தனையோ பேர். நன்றாக விடிந்து மலையில் வேலைக்கு ஆள் இறங்கிய பிறகு, அவர்களைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இரவில் வந்து களைப்போடு ஒன்றும் செய்ய வேண்டாம், நன்றாகத் தூங்குங்கள். காலையில் இருபது நிமிடம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்டால், ஒரு படியில் மாறி மாறி ஏறி இறங்குவது. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு இருந்தால் கைக்கு ஒன்றரைக் கிலோ எடை ஆயிற்று. பத்து மணி நேரம் நின்று சமைக்கும் உங்களுக்கு இடுப்புக்கும் கெண்டைக்காலுக்கும் நீட்டிவிடும் பயிற்சிதான் மற்றதைவிட அவசியம், அதை விடாதீர்கள். நீங்கள் இருக்கும் மாதங்கள் டிசம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில் வந்தால் சிவனொளிபாதமலைக்கு ஒரு முறை ஏறிவிட்டுப் போங்கள். நல்லதண்ணிப் பக்கமாக ஏறத்தாழ 5,500 படி. ஒரு மாதம் முன்பிருந்தே ஹோட்டல் படிக்கட்டில் பழகுங்கள், இறங்கும் பழக்கத்தையும் சேர்த்து.

கேள்வி: மகன் தோஹாவில் கட்டட வேலை மேற்பார்வை. வெயிலில் நடக்க முடியவில்லை, உடம்பு பெருத்துவிட்டது என்கிறான். என்ன சொல்வது?
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: அம்மா, கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெளியில் வேலை செய்யவே சட்டம் விடுவதில்லை, அப்படியான வெயில். அந்த மாதங்களில் தம்பி வெளியே நடக்க வேண்டாம், குளிரூட்டிய பேரங்காடிக்குள் நடக்கலாம். நவம்பருக்குப் பிறகு கோர்னிஷ் கடற்கரைப் பாதை இருக்கிறது, ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், கட்டணம் இல்லை. மேட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சமதரை அலுத்துப்போகும், அதனால் தங்கியிருக்கும் கட்டடத்தில் லிப்டை விட்டுப் படியில் ஏறச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை போன் எடுத்தால் சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு, இந்த வாரம் எத்தனை மாடி ஏறினாய் என்றும் கேளுங்கள்.