நெக் பிக்கப் கொழகொழன்னு கேக்குது, எத மாத்தணும்?

கேள்வி: ரெண்டு ஹம்பக்கர் (ரெண்டு காயில் வெச்ச பிக்கப், ஸ்ட்ரிங் ஆட்டத்த சிக்னலா மாத்துறது) போட்ட 22 ஃப்ரெட் எலெக்ட்ரிக் கிட்டார் வெச்சிருக்கேன். பிரிட்ஜ் (ஸ்ட்ரிங் பாடியில முடியுற எடம்) பக்கம் இருக்குற பிக்கப் ஓகே. நெக் பக்கம் இருக்குறதுக்கு மாத்தினா கிளீன்ல கார்டு வாசிக்கிறப்ப ஒவ்வொரு நோட்டும் தனியா கேக்க மாட்டேங்குது, டிஸ்டார்ஷன்ல தடி ஸ்ட்ரிங் எல்லாம் கொழகொழன்னு ஆயிடுது. இன்னும் பவர்ஃபுல்லான பிக்கப் வாங்கினா சரியாகுமா?

பதில்: ஆகாது. இன்னும் மோசமாத்தான் ஆகும், தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க. நானும் ஒரு தடவ பிரிட்ஜுக்குன்னு செஞ்ச ஹாட் (பவர் ஜாஸ்தியான) பிக்கப்ப நெக்குல போட்டு ஒரு வருஷம் ஆம்ப்ல பேஸ கொறச்சுக்கிட்டே வாசிச்சிருக்கேன்.

ஆறாவது ஸ்ட்ரிங்க நல்லா தட்டிட்டு சைடுல இருந்து பாருங்க. பிரிட்ஜ் கிட்ட ஆட்டமே கண்ணுக்குத் தெரியாது, நெக் பக்கம் வர வர நல்லா அகலமா ஆடும், அதனால ஒரே பிக்கப்ப ரெண்டு எடத்துல வெச்சாலும் நெக்குல சவுண்டும் ஜாஸ்தி பேஸும் ஜாஸ்தி. அதுக்குத்தான் செட்டா விக்கிறப்ப நெக்குக்கு பெரும்பாலும் காயில் கம்பிய கம்மி சுத்து சுத்துறாங்க.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுங்க. கடைசி ஃப்ரெட்ல ஆறாவது ஸ்ட்ரிங்க அழுத்திப் புடிச்சு, ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் நடுவுல எவ்வளவு கேப்னு ஸ்கேல் வெச்சு பாருங்க. 2 மில்லிமீட்டர்கிட்ட இருந்தா பேஸ் சைட 3, 4 வரைக்கும் எறக்குங்க, மெல்லிசு ஸ்ட்ரிங் சைடு கொஞ்சம் மேலயே இருக்கட்டும். அப்புறம் பிக்கப் மேல ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் கீழ தெரியுற போல் ஸ்க்ரூவ மட்டும் ஒவ்வொரு சுத்தா ஒசத்திக்கிட்டே வாசிச்சுப் பாருங்க, இப்ப அந்த ஸ்க்ரூ இருக்குற ஒரு காயில்தான் முன்னாடி வந்து பேசும், நோட்டு பிரிஞ்சு கேக்கும். நெறைய பேருக்கு பிரச்சனை இங்கயே முடிஞ்சிரும். வால்யூம் பாட்டையும் (வால்யூம் குமிழுக்கு கீழ இருக்குற ரெசிஸ்டர்) பாத்துருங்க, ஹம்பக்கருக்கு 250 கே (கிலோ ஓம்) போட்டிருந்தா ட்ரெபிள் அடங்கிப் போயிருக்கும், 500 கே போடணும்.

இதுக்கப்புறமும் மாத்தணும்னா, காயில் ரெசிஸ்டன்ஸ் 7ல இருந்து 8 கிலோ ஓம் ரேஞ்சுல, அல்னிகோ 5 காந்தம் போட்டத பாருங்க. அல்னிகோ 2 கொஞ்சம் மெத்துனு இருக்கும், லீடு வாசிக்க ரொம்ப அழகு, ஆனா ஏற்கனவே பேஸ் தளதளன்னு இருக்குற உங்க கிட்டாருக்கு 5தான் இறுக்கிப் புடிக்கும். சீமோர் டங்கன் கம்பெனியோட ஜாஸ்ங்கற பிக்கப் மாடல் இந்த மாதிரி ஆளு, பேரப் பாத்து ஜாஸுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, அதே கம்பெனியோட ஜேபி மாடல பிரிட்ஜுல போட்டு இத நெக்குல போடுறது ரொம்ப காலமா ஓடுற ஜோடி, ஜேபி சுமார் 16 கிலோ ஓம், ஜாஸ் அதுல பாதிதான், ஆனா சேத்து வாசிச்சா பேலன்ஸா நிக்கும். அதே சமயம் ஓம் நம்பர மட்டும் வெச்சு பவர முடிவு பண்ணிராதீங்க, கம்பி மெலிசா இருந்தா அதே சுத்துக்கே நம்பர் ஏறிடும். ஹம்பக்கர் சைஸ்ல வர்ற பி-90யும் (ஒரே காயில் பிக்கப்) நல்லா கிளியரா இருக்கும், ஆனா ஹை கெயின்ல (டிஸ்டார்ஷன் ஜாஸ்தி வெச்சா) உர்ர்னு இரைச்சல் வரும், அதனால உங்களுக்கு வேணாம்.

வாங்குறப்ப நெக் மாடல்தானான்னு பாருங்க, நெக் கிட்ட ஸ்ட்ரிங் நெருக்கமா இருக்கும், போல் ஸ்பேசிங் (முதல் ஸ்க்ரூவுக்கும் கடைசி ஸ்க்ரூவுக்கும் நடுவுல உள்ள தூரம்) 50 மில்லிமீட்டர் கிட்ட இருந்தா போதும். நாலு கலர் ஒயர் வர்றதா கேட்டு வாங்குங்க. ஏன்னா வேற வேற கம்பெனி பிக்கப்ப ஜோடி சேக்கும்போது, நடு பொசிஷன்ல ரெண்டும் சேந்தா சில சமயம் மூக்கடைச்ச மாதிரி சன்னமா கேக்கும், அது ஃபேஸ் மாறினது, அதாவது ரெண்டு சிக்னலும் எதிரெதிரா வந்து ஒண்ண ஒண்ணு அடிச்சுக்குது. நாலு ஒயர் இருந்தா ஹாட்டையும் கிரவுண்டையும் மாத்தி சால்டர் பண்ணா முடிஞ்சுது, ஒரே ஒயர சுத்தி கிரவுண்டு கம்பி பின்னின வெறும் ஷீல்டு ஒயரா இருந்தா பிக்கப்பையே பிரிக்க வேண்டி வரும்.