சினை நிற்காத மாடும் விசேஷ வீட்டுச் சோறும்: கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்தில் கறவை மாடு வைத்திருப்பவர்கள் கேட்டவையும், கால்நடை மருத்துவர் ஒருவர் சொன்ன பதில்களும்.

கோட்டையூர்: ஜெர்சி கலப்பு மாடு. மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்?

மருந்து இருக்கட்டும். மாடு பருவத்துக்கு வந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? 18 முதல் 24 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். காலையில் கண்டால் சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலையில் ஊசி. பருவ அறிகுறி அடங்கி 10, 12 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவரும். அதனால் நேரம் தப்பினால் ஊசி வீண். பல மாடுகள் இரவில்தான் அறிகுறி காட்டும். பருவத்தில் மாடு மற்ற மாட்டின்மேல் தாவும்; ஒற்றை முளையில் கட்டிக் கிடந்தால் எதன்மேல் தாவும்? படுக்கப் போகும் முன்னும் விடியலிலும் டார்ச் அடித்து இருபது நிமிஷம் நின்று பாருங்கள்.

பருவத்தில் அறையிலிருந்து வழியும் சளி போன்ற ஒழுக்கையும் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக, அறாமல் தொங்கினால் சரி. வெள்ளைத் திட்டோ சீழோ கலந்திருந்தால் கருப்பையில் நோய். அன்றைக்கு ஊசி வேண்டாம், முதலில் வைத்தியம்.

அப்புறம் தீனி. கன்று போட்ட முதல் இரண்டு மாதத்தில் தின்பதைவிடப் பாலில் போவது அதிகம். உடம்பு உருகினால் கருமுட்டை தரும் சூலகம் அடங்கிவிடும், பருவம் வராது. தாது உப்புக் கலவை தினம் 30 முதல் 50 கிராம் தவிட்டில் கலந்து வையுங்கள்.

பள்ளத்தூர்: கல்யாண வீட்டில் சோறும் பாயசமும் மிஞ்சிவிட்டது. மாட்டுக்கு வைக்கலாமா?

வேண்டாம் ஆச்சி. அவ்வளவு சோறு ஒரே நேரத்தில் போனால் வயிற்றில் அமிலம் ஏறிவிடும். அசை நிற்கும், வயிறு பொருமும், புளித்த நெடியோடு தண்ணீராகக் கழியும். மாட்டுப் பொங்கலை ஒட்டி வருஷா வருஷம் இதே கேஸ்தான். பிழைத்தாலும் பின்னால் குளம்பு நோய் வரும். வைத்துவிட்டீர்கள் என்றால் காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போடுங்கள்.

தேவகோட்டை: ஊசி போட்ட இரண்டாம் நாள் ரத்தம் கசிந்தது. சினை கலைந்துவிட்டதா?

இல்லை. பருவம் முடிந்ததன் அடையாளம் அது. சினையா இல்லையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

புதுவயல்: நாலு ஊசி போட்டாச்சு, நிற்கவில்லை. மருந்து சொல்லுங்கள்.

கோட்டையூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். பருவம் கண்ட நேரத்தைக் குறிக்காமல் மருந்து மட்டும் கேட்டால் நான் என்ன சொல்வது?

கானாடுகாத்தான்: கலப்பினத்தை ஒழித்துவிட்டு நாட்டு இனமான புலிக்குளம் மாடு வளர்த்தால் எந்தத் தொல்லையும் இல்லை. ஏ2 வகைப் புரதம் உள்ள அதன் பால் நோயையும் தீர்க்கும்.

புலிக்குளம் நம் சிவகங்கைச் சீமையின் சொத்து. உழவுக்கும் மஞ்சுவிரட்டுக்கும் அதற்கு ஈடு இல்லை, வெயிலும் தாங்கும். ஆனால் பால் குறைவு, கன்றுக்குப் போகக் கறப்பது கொஞ்சம்தான். பால் விற்றுப் பிழைக்கிற குடும்பத்திடம் அதை மட்டும் வளர் என்று எப்படிச் சொல்வேன்? அந்தப் புரதத்தின் இன்னொரு வகையான ஏ1 உள்ள பாலால் நோய் வருகிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் ஆய்வுகளை அலசிச் சொன்னது.

கானாடுகாத்தான் (மறுபடி): நம்ம வெயிலில் சீமை மாடு வதைபடுகிறதே டாக்டர், அது பாவமில்லையா?

பாவம்தான். இதில் நான் உங்கள் கட்சி. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து ஏறினால் தீனி குறையும், சினை பிடிப்பதும் குறையும். அதற்காகத்தான் நிழல், காற்று, எந்நேரமும் தண்ணீர் என்று கத்துகிறேன். நம் பக்கம் வீட்டுப் பின்கட்டில், தகரத்துக்குக் கீழே, கல் தரையில் கட்டுகிறார்கள். வசதியாக இருந்தால் மாடு நாளில் ஏறக்குறைய 12 மணி நேரம் படுக்கும். கல்லில் படுக்கத் தயங்கி நின்றுகொண்டே இருக்கும். முன்னங்கால் முட்டியைத் தடவிப் பாருங்கள், முடி உதிர்ந்து வீங்கியிருக்கும். ரப்பர் விரிப்போ மணலோ போடுங்கள். வேலி கட்டிய இடம் இருந்தால் இரவில் அவிழ்த்து விடுங்கள். மாடும் இளைப்பாறும், பருவமும் கண்ணில் படும்.

சாக்கோட்டை: புளித்த இட்லி மாவு கொடுக்கலாமா?

ஆச்சிக்குச் சொன்னதுதான். சோறு, மாவு, பொங்கல் எதுவும் குடம் குடமாக வேண்டாம்.

குன்றக்குடி: தீவனப்புல் கரணை எங்கே கிடைக்கும்?

உங்கள் ஊர் வேளாண் அறிவியல் நிலையத்திலேயே விசாரியுங்கள்.

கண்டனூர்: நஞ்சுக்கொடி விழவில்லை. கல் கட்டித் தொங்கவிடலாமா?

கூடவே கூடாது. கருப்பை கிழியலாம், வெளியே தள்ளவும் செய்யலாம். 12 மணி நேரம் தாண்டியும் விழாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். காய்ச்சலோ நாற்றமோ இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.