என்சைம் மாத்திரை சாப்பிட்டால் அடுத்த குழந்தைக்கு வராமல் இருக்குமா?

கேள்வி: எங்கள் முதல் குழந்தைக்குப் பிறந்த சில நாட்களிலேயே மகாதமனிக் குறுக்கத்துக்கு (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் குறுகியிருப்பது) ஆபரேஷன் நடந்தது. மரபணுச் சோதனையில் ‘கேஎம்டி2டி மரபணுவில் மாற்றம், கபுகி சிண்ட்ரோம்’ (முகத் தோற்றம், வளர்ச்சி, இதயம் போன்றவற்றைப் பாதிக்கும் பிறவிக் கோளாறு) என்று வந்திருக்கிறது. எங்கள் இருவர் ரத்தத்திலும் அந்த மாற்றம் இல்லை. அது ஏதோ என்சைமுக்கான மரபணுவாமே? நான் சாப்பிட்டது எதுவும் காரணமா? இப்போதே என்சைம் மாத்திரை ஆரம்பிக்கலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம். கடையில் விற்பவை பெரும்பாலும் குடலில் உணவைச் செரிக்க வைக்கும் என்சைம்கள். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள என்சைமை ஒவ்வொரு செல்லும் தானே தயாரித்து உட்கருவுக்குள் அனுப்பிக்கொள்கிறது. விழுங்கி அங்கே சேர்க்க வழியில்லை.

அதற்கு அங்கே என்ன வேலை? ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி, நூல்கண்டு போல இறுக்கமாகக் கிடக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தில் உள்ள மரபணுவைச் செல்லால் படிக்க முடியாது. எந்த இடம் படிக்கத் தயாராக வேண்டுமோ, அங்கே ஹிஸ்டோனின் வாலில் மெத்தில் என்ற சிறு குறியை ஒட்டுவது கேஎம்டி2டி. வேறு சில என்சைம்கள் குறிகளை அழிக்கும்.

இதயத்துக்கு இந்த ஒட்டலும் அழித்தலும் நேரம் தவறாமல் நடக்க வேண்டும். கருவுற்று 22 நாள் வாக்கில் வெறும் குழாயாகத் துடிக்க ஆரம்பிக்கும் இதயம், 8 வாரம் முடிவதற்குள் நான்கு அறைகளாகப் பிரிந்துவிடுகிறது. பலருக்குக் கர்ப்பம் தெரியவரும்போதே பாதி வேலை முடிந்திருக்கும்! இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் பாதியளவு என்சைம் போதுவதில்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான இதயக் குறையுடன் பிறந்த 362 குழந்தைகளையும் பெற்றோரையும் ஒப்பிட்டபோதும், ஹிஸ்டோன் குறிகளைக் கையாளும் மரபணுக்களில் புதிய மாற்றங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே தென்பட்டன.

உங்கள் குழந்தையிடம் இருப்பதும் அப்படிப் புதிதாக வந்த மாற்றம்தான். பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேர்வது. நீங்கள் சாப்பிட்ட எதுவும் காரணமில்லை.

அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம். ரத்தத்தில் தெரியாவிட்டாலும் சில முட்டைகளிலோ விந்தணுக்களிலோ அதே மாற்றம் ஒளிந்திருக்கலாம் என்பதால் பூஜ்யம் என்று சொல்வதில்லை. (உங்கள் குழந்தை வளர்ந்து பெற்றோரானால் கதை வேறு: ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீதம்.)

ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். சர்க்கரை நோய் இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே கருத்தரியுங்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவரானால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள். அந்த மருந்து ஹிஸ்டோன் குறிகளை அழிக்கும் என்சைம்களில் சிலவற்றைத் தடுப்பது, கருவின் இதயத்தையும் முதுகுத்தண்டையும் பாதிக்கக்கூடியது. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதய எக்கோ அவசியம். மாற்றம் இருக்கிறதா என்றே பார்க்க விரும்பினால் 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவிலும், 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலும் சோதிக்கலாம். போகும்போது மாற்றத்தின் முழுக் குறியீடு அச்சிட்ட ரிப்போர்ட் பக்கத்தை மறக்காதீர்கள். ‘கபுகி’ என்று மட்டும் சொன்னால், டிஎன்ஏவில் எந்த இடத்து மாற்றத்தைத் தேடுவதென்று லேபுக்குத் தெரியாது.